முப்பது ஷில்லிங்

பொருட்காட்சி சாலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பொருளைப் பார்த்து வியந்துவிட்டு நகர்ந்து விடுகிறார்கள். கொஞ்சம் பொறுமையுள்ளவர்கள் பெட்டியின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் சிறு சீட்டையும் படிக்கிறார்கள். எந்த ஊரில் கிடைத்தது, எந்த நூற்றாண்டைச் சேர்ந்தது, யார் கொடுத்தார்கள் என்ற மூன்று விவரமும் அதில் இருக்கும். நாலாவதாக ஒரு விவரம் உண்டு. அதைச் சீட்டில் காண்பது அரிது. மண்ணுக்குள் கிடந்த அந்தப் பொருளை முதன் முதலில் கண்டு, சட்டென்று கையை நிறுத்தி, அதைச் சுற்றியிருந்த மண்ணைப் பதமாக விலக்கியவர் யார் என்பதுதான் அந்த விவரம்.

"யாராயிருந்தால் என்ன? கூலி வாங்கினார், வெட்டினார்" என்று சொல்லிவிடலாம். வெகு காலம் அப்படித்தான் சொல்லி வந்தார்கள். ஆனால் புதைபொருள் ஆராய்ச்சியில் ஒரு விசேஷம் இருக்கிறது. ஓலைச் சுவடியை ஒருவர் தப்பாகப் படித்துவிட்டால் மற்றொருவர் எடுத்துத் திருத்திப் படிக்கலாம். மண் அப்படிப்பட்ட சுவடி அல்ல. ஒவ்வோர் ஏட்டையும் படிக்கப் படிக்கவே கிழித்துப் போட்டுக்கொண்டு போகவேண்டிய சுவடி அது. எந்தப் பானை எந்த அடுக்கில் இருந்தது, மண்ணின் நிறம் எந்த இடத்தில் மாறியது என்பதெல்லாம் வெட்டுகிறபோது கண்ணில் பட்டால் உண்டு. படாவிட்டால் அது என்றென்றைக்கும் இல்லை. முதல் வாசகர் கண்ணை மூடிக்கொண்டிருந்தால் இரண்டாவது வாசகருக்கு ஒன்றும் மிஞ்சாது.

இப்படிப்பட்ட முதல் வாசகர்களுக்கு உலகம் என்ன சம்பளம் கொடுத்தது, என்ன மரியாதை கொடுத்தது என்று நான் யோசித்ததுண்டு. யோசிக்கும்போதெல்லாம் ஓர் ஆங்கிலேயரின் ஞாபகம்தான் வருகிறது. இங்கிலாந்தின் மண்ணிலிருந்து அதுவரை வெளிவராத பெரும் புதையலுக்கு வழி காட்டியவர் அவர். அதற்காக அவர் வாங்கிய கூலி வாரத்துக்கு முப்பது ஷில்லிங்.

அவர் பெயர் பேஸில் பிரௌன். இங்கிலாந்தின் கிழக்குக் கரையோரம் உள்ள ஸஃபோக் ஜில்லாவில், இப்ஸ்விச் நகரத்துக்கு அருகில் பக்கிள்ஷாம் என்ற கிராமத்தில் 1888-ஆம் ஆண்டு ஜனவரி 22-ந் தேதி ஒரு குடியானவர் வீட்டில் பிறந்தார். பிறகு குடும்பம் அதே ஜில்லாவில் ரிக்கிங்ஹால் என்ற ஊருக்குக் குடி பெயர்ந்தது. பன்னிரண்டாம் வயதில் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டுப் பையன் நிலத்தில் இறங்க வேண்டியதாயிற்று.

படிப்பு நின்றதே தவிர, படிக்கும் ஆசை நிற்கவில்லை. தாத்தா விட்டுச் சென்ற வான சாஸ்திரப் புத்தகங்கள் வீட்டில் இருந்தன. பகலெல்லாம் வயலில் உழைத்துவிட்டு இரவில் நட்சத்திரங்களைப் பார்க்க ஆரம்பித்தார். தபால் மூலம் பாடம் படித்து, 1907-ஆம் ஆண்டில் வான சாஸ்திரம், பூகோளம், மண்ணியல் ஆகியவற்றில் சான்றிதழ் பெற்றார். லத்தீன், பிரெஞ்சு முதலிய பாஷைகளையும் தாமாகவே கற்றுக்கொண்டார். பழைய வான சாஸ்திரப் படங்களைப் பற்றி அவர் எழுதிய நூல் 1932-ல் அச்சாகி வெளிவந்தது. எழுதியவர் உழுது பிழைத்த மனிதர் என்பது அதை வாங்கிப் படித்தவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

1923-ல் மே என்ற பெண்மணியை அவர் மணந்துகொண்டார். நிலமோ சிறியது, வானத்தைப் பார்க்கிற குடியானவனுக்கு அது என்றைக்கும் வயிறாரப் போடவில்லை. 1934-ல் பண்ணையை விட்டுவிட நேர்ந்தது. அப்போது பிரௌனுக்கு வயது நாற்பத்தாறு. கையில் தொழில் இல்லை. சொல்லிக்கொள்ளப் பட்டமும் இல்லை. இருந்தது ஒரு சைக்கிள். அதோடு ஒரு பைத்தியம்.

அந்தப் பைத்தியம் மண்தான். உழுத காலத்திலேயே ஏர்க்காலில் சிக்கும் ஓட்டாஞ்சில்லையும் வயலில் தெரியும் நிற வேறுபாட்டையும் அவர் கவனித்து வந்தார். சைக்கிளில் ஏறி ஊர் ஊராகச் சுற்றுவார். பழைய ரஸ்தாக்களின் போக்கை அளப்பார். ரோமானியர் காலத்துக் குயவர் சூளை எங்கே இருந்திருக்கும் என்று தேடுவார். இது இப்ஸ்விச் பொருட்காட்சி சாலைத் தலைவர் கை மேனார்டின் காதுக்கு எட்டியது. 1935-ல் அவர் பிரௌனைச் சில வார ஒப்பந்தத்தில் வேலைக்கு அமர்த்திக்கொண்டார். ஸ்டான்டன் என்ற ஊரில் ரோமானியர் காலத்து மாளிகை ஒன்றைத் தோண்டும் வேலை சில வருஷங்கள் தொடர்ந்தது. தொடர்ந்தது என்றால், பருவத்துக்குப் பருவம். வேலை உள்ள வாரங்களுக்குக் கூலி. மழையும் பனியும் பிடித்துக்கொண்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இடைக்காலத்தில் வயிற்றுப்பாட்டுக்கு இன்ஷூரன்ஸ் ஏஜெண்டாக வீடு வீடாய் ஏறி இறங்கினார். ஊர்க்காவல் போலீசிலும் வேலை பார்த்தார்.

இந்த வாழ்க்கையை நினைத்துப் பாருங்கள். ஓர் இடத்தில் மண்ணோடு பழகி, அதன் பாஷை பிடிபடுகிற சமயத்தில் பணம் தீர்ந்துவிட்டது என்பார்கள். மூட்டையைக் கட்டிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போகவேண்டும். போன இடத்தில் கண்டுபிடித்ததைப் பற்றி வேறொருவர் கட்டுரை எழுதுவார். நாடகக் கம்பெனி நடிகனுக்காவது ஊர் ஊராகப் போகும்போது பெயர் சுவரொட்டியில் வரும். இவருக்கு அதுவும் கிடையாது.

இப்படி இருக்கும்போது 1938-ல் ஒரு சீமாட்டியிடமிருந்து அழைப்பு வந்தது. டெபன் நதிக்கரையில் வுட்பிரிட்ஜ் ஊருக்கு எதிரே சட்டன் ஹூ என்ற பண்ணை. அதன் எஜமானி எடித் பிரெட்டி அம்மையார் விதவை; ஒரே ஒரு சிறு பிள்ளை. வீட்டிலிருந்து பார்த்தால் புல் முளைத்த மேடுகள் பல தெரியும். அவற்றுக்குள் என்னதான் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அம்மையாருக்கு ஆசை. பொருட்காட்சி சாலை பிரௌனை அனுப்பி வைத்தது. பேச்சு வாரத்துக்கு முப்பது ஷில்லிங். இருபது ஷில்லிங் ஒரு பவுன் என்ற கணக்குப்படி ஒன்றரைப் பவுன். ஒரு வாரம்கூடத் தவறாமல் வேலை கிடைத்தாலும் வருஷத்துக்கு 78 பவுனுக்கு மேல் வராது. தங்குவதற்குப் பண்ணையின் கார் ஓட்டுபவர் வீட்டு மாடியில் இடம். உதவிக்குப் பண்ணையாட்கள் சிலர். மனைவி ரிக்கிங்ஹாலிலேயே இருந்தாள். இவர் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

முதல் வருஷம் மூன்று மேடுகளைத் திறந்தார். மூன்றிலும் கொள்ளைக்காரர்கள் முன்பே புகுந்து சுருட்டிக்கொண்டு போயிருந்தார்கள். எரிந்த எலும்பும் உடைந்த சில்லறைச் சாமான்களும் மிஞ்சின. ஒரு மேட்டில் மாத்திரம் துருப்பிடித்த இரும்பு ஆணிகள் கிடைத்தன. வேறொருவராயிருந்தால் அவற்றைத் தட்டு முட்டுச் சாமானோடு எறிந்திருப்பார். பிரௌனுக்கு ஒரு பழைய சங்கதி தெரியும். அந்த வட்டாரத்திலேயே ஸ்னேப் என்ற ஊரில் 1862-ல் ஒரு மேட்டைத் தோண்டியபோது, இறந்தவரைப் படகோடு புதைத்திருந்ததைக் கண்டிருந்தார்கள். அந்தப் படகின் ஆணிகள் ஆல்ட்பரோ பொருட்காட்சி சாலையில் இருந்தன. அவற்றையும் இவற்றையும் அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். சந்தேகம் தீர்ந்தது. இவையும் கப்பல் ஆணிகளே!

1939-ஆம் ஆண்டு மே மாதம் அவர் திரும்பி வந்தார். எல்லாவற்றிலும் பெரிய மேட்டைத் தோண்டுவது என்று முடிவாயிற்று. தோட்டக்காரர் ஒருவரும் வேட்டைக்காட்டுக் காவலர் ஒருவரும் கூட வந்தார்கள். மே 8-ந் தேதி வேலை தொடங்கியது. 11-ந் தேதி ஓர் ஆணி அகப்பட்டது. பக்கத்தில் இன்னொன்று, அதற்கப்பால் மற்றொன்று. எல்லாம் வரிசையாக!

அந்த நிமிஷத்தில்தான் பிரௌன் யார் என்பது தெரிந்தது. புதையல் ஆசை பிடித்தவனாயிருந்தால் நேரே நடுப்பகுதிக்குக் குழி பறித்திருப்பான். இவர் ஆட்களை விலகி நிற்கச் சொன்னார். அடுப்புக்கரி அள்ளும் சிறு கரண்டி, பேனாக்கத்தி, தூரிகை ஆகியவற்றை எடுத்துக்கொண்டு தாமே உட்கார்ந்தார். அந்த மணலின் புளிப்புத் தன்மை ஆயிரத்து முந்நூறு வருஷங்களில் மரத்தை முழுக்கத் தின்றுவிட்டிருந்தது. ஒரு பலகைகூட மிஞ்சவில்லை. பலகை இருந்த இடத்தில் மணல் கறுத்து இறுகியிருந்தது. ஆணிகள் அடித்த இடத்திலேயே துருவாக நின்றன. வெளி மணலை மட்டும் நீக்கி, கறுத்த மணலைத் தொடாமல் விட்டுவிட்டால் கப்பலின் உருவம் அப்படியே கிடைக்கும். ஓர் அங்குலம் அதிகமாகச் சுரண்டினால் கப்பல் போயிற்று! அந்த ஓர் அங்குலத்தைப் பிரௌன் வாரக்கணக்கில் காப்பாற்றினார். ஓர் ஆணியையும் அவர் பிடுங்கவில்லை. மெல்ல மெல்ல 90 அடி நீளமுள்ள கப்பலொன்றின் அச்சு, விலா எலும்புகளைப் போன்ற குறுக்குக் கோடுகளுடன் மண்ணில் எழுந்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டதென்பார்கள். இங்கே மேட்டைத் தோண்டக் கப்பலே புறப்பட்டுவிட்டது.

இந்த மேட்டிலும் பழைய நாளில் கொள்ளைக்காரர்கள் குழி பறித்திருந்தார்கள். ஆனால் நெடுங்காலமாக உழுததில் மேட்டின் ஓரம் குறைந்து, பார்வைக்குத் தெரிந்த நடுவிடம் உண்மையான நடுவிடமாக இல்லை. அதனால் அவர்கள் தவறான இடத்தில் தோண்டி ஏமாந்து போனார்கள். சமாதி அறையை யாரும் தொடவில்லை என்பதும் பிரௌனுக்குத் தெரிந்துவிட்டது.

செய்தி பரவியது. ஜூன் மாதத்தில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையைச் சேர்ந்த சார்லஸ் பிலிப்ஸ் வந்து பார்த்துத் திகைத்துப் போனார். லண்டனில் பிரிட்டிஷ் பொருட்காட்சி சாலைக்காரர்களும் சர்க்கார் இலாகாவினரும் கலந்து பேசினார்கள். இவ்வளவு பெரிய விஷயத்தை ஒரு கிராமத்து ஆசாமியிடம் விட்டுவைப்பதா என்ற கேள்வி எழுந்தது. ஜூலையில் பிலிப்ஸ் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். ஸ்டூவர்ட் பிகட், பெகி பிகட், க்ராபோர்டு, க்ரைம்ஸ் என்று தேர்ந்த நிபுணர்கள் வந்து சேர்ந்தார்கள். பிரௌன் போய்விடவில்லை. தாம் கண்டுபிடித்த கப்பலில், மண் அள்ளும் உதவியாளராக இருந்தார்.

ஜூலை 21-ந் தேதி பெகி பிகட்டின் கையில் முதல் தங்க நகை மின்னியது. அதன் பிறகு நாள்தோறும் திருவிழாதான். தங்க வார்க்கொளுவி, மாணிக்கச் சிவப்புக் கற்கள் இழைத்த தோள் பூட்டுகள், கான்ஸ்டாண்டிநோபிளிலிருந்து வந்த பெரிய வெள்ளித் தட்டு, 37 பொற்காசுகள், நூற்றுக்கணக்கான துண்டுகளாக நொறுங்கிக் கிடந்த ஒரு தலைக்கவசம் என்று மொத்தம் 263 பொருள்கள்! 624, 625 வாக்கில் இறந்த கிழக்கு ஆங்கிலிய அரசன் ரெட்வால்டின் சமாதியாக அது இருக்கலாம் என்பது அறிஞர் பலரின் அபிப்பிராயம். இருண்ட காலம் என்று சரித்திரக்காரர்கள் கை கழுவிவிட்ட ஒரு காலத்தின் முகம் அன்று வெளிச்சத்துக்கு வந்தது.

ஆகஸ்டு 14-ந் தேதி கிராமத்து மண்டபத்தில் விசாரணை நடந்தது. திரும்ப வந்து எடுத்துக்கொள்ளும் எண்ணத்தோடு ஒளித்து வைத்த பொருளானால் அரசருக்குச் சேரும். இறந்தவரோடு நிரந்தரமாகப் புதைத்ததானால் நிலத்துக்கு உடையவருக்குச் சேரும். புதையல் அம்மையாருக்கே உரியது என்று தீர்ப்பாயிற்று. சில நாட்களுக்குள் அந்த அம்மையார் அவ்வளவையும் தேசத்துக்கே கொடுத்துவிட்டார். செப்டம்பர் 3-ந் தேதி யுத்தம் மூண்டது. புதையல் லண்டனில் ஒரு சுரங்க ரயில் பாதைக்குள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. பேஸில் பிரௌன் தம்முடைய சைக்கிளுக்குத் திரும்பினார்.

நான் கதை எழுதுகிறவன். இந்த இடத்தில் பிலிப்ஸை வில்லனாக்கிவிட்டால் கதை ருசிக்கும். ஆனால் அது நியாயமாகாது. நொறுங்கிப்போன தலைக்கவசத்தையும் தோலையும் துணியையும் வெளியே எடுப்பதற்குப் பல பேருடைய பழகிய கை வேண்டியிருந்தது. யுத்தமோ வாசலில் நின்றது. நிபுணர்களைக் கூப்பிட்டது சரியே. தப்பு அதில் இல்லை. மாதக்கணக்கில் கப்பலைக் காப்பாற்றிய மனிதரையும் அந்த நிபுணர் வரிசையில் ஒருவராக உட்கார வைக்க யாருக்கும் தோன்றவில்லையே, அதுதான் தப்பு. பட்டம் பெற்றவர் வந்தவுடன் பட்டம் பெறாதவரின் அறிவு கூலியாகச் சுருங்கிவிட்டது. பிரிட்டிஷ் பொருட்காட்சி சாலையில் அந்தப் புதையலைப் பார்த்தவர்கள் வெகு காலம் வரை அவருடைய பெயரைப் பார்க்கவில்லை.

யுத்தத்துக்குப் பிறகும் பிரௌன் இப்ஸ்விச் பொருட்காட்சி சாலைக்காக ஜில்லா முழுவதும் தோண்டிக்கொண்டிருந்தார். 1961-ல் அந்த வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். 1966-ல் சர்க்கார் அவருக்கு ஆண்டுக்கு 250 பவுன் உபகாரச் சம்பளம் அளித்தது. அப்போது அவருக்கு வயது எழுபத்தெட்டு. 1977-ஆம் ஆண்டு மார்ச் 12-ந் தேதி ரிக்கிங்ஹாலில் காலமானார். 2007-ல் ஜான் பிரெஸ்டன் என்பவர் அந்த அகழ்வை வைத்து ஒரு நாவல் எழுதினார். அவர் பெகி பிகட்டின் உறவினர். 2009-ல் ரிக்கிங்ஹால் மாதா கோவிலில் பிரௌனுக்கு ஒரு நினைவுப் பலகை வைத்தார்கள். நாவல் 2021-ல் சினிமாவாக வந்தபோதுதான் உலகத்தார் அநேகருக்கு அவரைத் தெரிந்தது. பொருட்காட்சி சாலையிலும் இப்போது பெயர் ஏறிவிட்டது.

இது ஏதோ பழங்காலத்துக் கதை, இப்போது எல்லாம் மாறிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். மாறியது உண்மைதான், மாறிய விதம்தான் விசித்திரம். அமெரிக்காவில் 1966-ல் ஒரு சட்டம் செய்தார்கள். சர்க்கார் பணத்திலோ அனுமதியிலோ ரஸ்தாவும் அணையும் கட்டுவதற்கு முன்னால், பழம் பொருள்களுக்குச் சேதம் வருமா என்று பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். இங்கிலாந்திலும் 1990-ல் கட்டடம் கட்டுகிறவரே செலவு செய்து முன்கூட்டி ஆராய வேண்டும் என்ற முறை வந்தது. நல்ல ஏற்பாடு. அதனால் எத்தனையோ இடங்கள் கவனிப்பாரின்றி அழிவது தப்பியது. ஆனால் அதன் பலனாக ஆயிரக்கணக்கான பேஸில் பிரௌன்கள் பிறந்துவிட்டார்கள். பிரௌனுக்குப் பட்டம் இல்லை. இவர்களில் பெரும்பாலோருக்குப் பட்டம் இருக்கிறது. வேலை மட்டும் அதே வாரக் கணக்கு, மாதக் கணக்கு.

இன்றைக்கு ரயில் பாதை போடும் இடம். அடுத்த மாதம் இருநூறு மைலுக்கு அப்பால் எண்ணெய்க் குழாய் பதிக்கும் இடம். பையில் நாலங்குலக் கொத்துக் கரண்டி, மழைச்சட்டை, முரட்டுப் பூட்ஸ். இரவுக்கு மலிவான விடுதியில் ஓர் அறை. அதிலும் இரண்டு பேர். பின்னால் யந்திரம் உறுமிக்கொண்டு நிற்க, கான்கிரீட் விழுவதற்குள் மண்ணைப் படித்து முடிக்க வேண்டும். வேலையைச் சுறுசுறுப்பாக முடித்தால் பிழைப்பும் சுறுசுறுப்பாக முடிந்துவிடும்! வீடு வாங்கவோ, ஓரிடத்தில் குழந்தைகளைப் படிக்க வைக்கவோ இந்த வாழ்க்கை இடம் கொடுப்பதில்லை. அமெரிக்காவில் இவர்கள் தங்களுக்குத் தாங்களே 'மண்வெட்டி நாடோடிகள்' என்று பொருள்படும் ஒரு பெயரை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். வேடிக்கையாக வைத்துக்கொண்ட பெயர்தான். ஆனாலும் தன்னைப் பார்த்துச் சிரிக்கத் தெரிந்தவனின் வேடிக்கையில் எப்போதும் கொஞ்சம் கசப்பு இருக்கும். பத்துப் பதினைந்து வருஷம் அலைந்து, மண்ணின் நிறத்தைப் பார்த்தே அதன் வயதைச் சொல்லும் கண் வாய்க்கும்போது, முழங்காலும் முதுகும் போய், பலர் வேறு உத்தியோகம் தேடிப் போய்விடுகிறார்கள். அந்தக் கண்ணும் அவர்களோடு போய்விடுகிறது. நஷ்டம் அவர்களுக்கு மாத்திரமா?

சட்டன் ஹூவில் நடந்த இன்னொரு சம்பவத்தைச் சொல்லி முடிக்கிறேன். யுத்த காலத்தில் அந்த மேடுகளின் மேல் ராணுவ வண்டிகள் ஏறி இறங்கின. பிறகு 1965 முதல் 1971 வரையில் பிரிட்டிஷ் பொருட்காட்சி சாலையார் அந்த இடத்தை மறுபடி ஆராய்ந்து பழைய குழியைத் திறந்தார்கள். சில பகுதிகள் சிதைந்திருந்தாலும் கப்பலின் அச்சு இன்னும் இருந்தது. அதன் மேல் சுண்ணச் சாந்து ஊற்றிப் படி எடுத்தார்கள். மண் என்பது படிக்கப் படிக்கக் கிழிகிற சுவடி என்று முதலில் சொன்னேன் அல்லவா? முதலில் படித்தவர் ஆணியைப் பிடுங்காமல், கறுத்த மணலைச் சுரண்டாமல் விட்டதால், கால் நூற்றாண்டுக்குப் பின் வந்தவர்களும் அந்த ஏட்டைப் படிக்க முடிந்தது.

அந்தப் பொறுமைக்கு வாரம் முப்பது ஷில்லிங் கொடுத்தார்கள். அடுத்த தடவை நீங்கள் எந்த ஊர்ப் பொருட்காட்சி சாலைக்குப் போனாலும், சீட்டைப் படித்து முடித்த பிறகு அந்த நாலாவது விவரத்தையும் அங்குள்ளவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நாலு பேர் கேட்டால்தான் அவர்கள் தேடுவார்கள். தேடினால்தான் பெயர் அகப்படும். இன்று எங்கோ ஒரு ரஸ்தாவோரத்தில் மழையில் நனைந்தபடி மண்ணைச் சுரண்டிக்கொண்டிருக்கிறவருக்கு, அடுத்த மாதமும் வேலை உண்டு என்று யாராவது சொல்லும் நாளும் அப்படித்தான் வரும்.